பியானோ ஈரப்பதக் கட்டுப்பாடு

பியானோ ஈரப்பதக் கட்டுப்பாடு என்பது, வீட்டில் வைக்கப்பட்டுள்ள பியானோவைச் சுற்றியும் அதன் உள்ளேயும் இருக்கும் காற்றின் ஈரப்பதத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் நிலையாக வைத்திருப்பதற்கான வழிமுறைகளைக் குறிக்கும். பியானோ பார்வைக்கு ஒரு கனத்த மரப் பேழை போலத் தோன்றினாலும், அது மரம், கம்பளி ஃபெல்ட், தோல், எஃகுக் கம்பி, வார்ப்பிரும்பு ஆகிய பல பொருட்களால் ஆன நுண்ணிய பொறியாகும். இவற்றுள் மரமும் ஃபெல்ட்டும் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சி விரியவும், அதனை வெளியிட்டுச் சுருங்கவும் செய்கின்றன. எஃகுக் கம்பி ஈரத்தில் துருப்பிடிக்கின்றது. எனவே ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கம் பியானோவின் சுருதியை மட்டுமன்றி, அதன் ஆயுளையும் தீர்மானிக்கும் காரணிகளுள் முதன்மையானதாகும். முறையாகப் பேணப்பட்ட பியானோ பல பத்தாண்டுகள் நிலைத்திருக்கும். பேணப்படாத கருவியோ சில ஆண்டுகளிலேயே பெரும் பொருட்செலவின்றிச் சீர்செய்ய இயலாத நிலையை அடையக்கூடும்.

சார்பு ஈரப்பதம்

காற்றில் உள்ள நீராவியின் அளவை இரு வகையாகக் கூறலாம். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் நீராவி உள்ளது என்பது தனி ஈரப்பதம். அவ்வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய உச்ச அளவில் எத்தனை விழுக்காடு நீராவி உள்ளது என்பது சார்பு ஈரப்பதம். மரம் எவ்வளவு நீரை ஏற்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சார்பு ஈரப்பதமே. காற்று சூடாகும்போது அது கொள்ளக்கூடிய உச்ச அளவு கூடுகின்றது. ஆகவே நீராவியின் அளவு மாறாதிருக்கும்போதே, காற்றைச் சூடாக்கினால் சார்பு ஈரப்பதம் குறையும், குளிர்வித்தால் கூடும்.

இந்த எளிய உண்மையை விளங்கிக்கொண்டால் இக்கட்டுரையில் கூறப்படும் பெரும்பாலான செய்திகள் தாமே விளங்கும். எடுத்துக்காட்டாக, கனடாவில் ஒரு குளிர்கால நாளில் வெளிக்காற்று 0 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் 80 விழுக்காடு சார்பு ஈரப்பதத்திலும் உள்ளதாகக் கொள்வோம். அதில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் நீராவியே இருக்கும். அக்காற்று வீட்டினுள் புகுந்து 21 பாகைக்குச் சூடாக்கப்படும்போது அது 18 கிராமுக்கு மேல் கொள்ளத்தக்கதாகி விடுகின்றது. எனவே சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 21 விழுக்காட்டுக்கு வீழ்கின்றது. வெளியே பனி பெய்துகொண்டிருக்கும்போது வீட்டினுள் பாலைவனத்துக்கு ஒப்பான வறட்சி நிலவுவதன் காரணம் இதுவே.

மரமும் ஈரமும்

மரம் தன்னைச் சூழ்ந்த காற்றுடன் ஒரு சமநிலையை நாடுகின்றது. 21 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், சார்பு ஈரப்பதம் 30 விழுக்காடாக உள்ள காற்றில் நீண்ட நாள் வைக்கப்பட்ட மரம், தன் உலர் எடையில் சுமார் 6 விழுக்காடு நீரைக் கொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 42 விழுக்காடானால் இது சுமார் 8 ஆகவும், 65 விழுக்காடானால் 12 ஆகவும், 80 விழுக்காடானால் 16 ஆகவும் உயரும்.

நீரை ஏற்கும் மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் விரிவதில்லை. நார் ஓடும் நீள்திசையில் விரிவு புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது. குறுக்குத் திசையிலோ கணிசமானது. அகலப் பலகைகள் மழைக்காலத்தில் உப்பிக் கதவுகளை இறுக்குவதை வீடுகளில் காணலாம். பியானோவில் நிகழ்வதும் இதுவே. ஆனால் கதவில் ஒரு மில்லிமீட்டர் பொருட்டல்ல. பியானோவில் அதன் பத்திலொரு பங்கும் உணரப்படும்.

ஒலிப்பலகையும் சுருதியும்

பியானோவின் ஓசைக்கு உயிர் அதன் ஒலிப்பலகையாகும். இது ஸ்புரூஸ் மரத்தாலான, ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள அகன்ற பலகை ஆகும். இதன் ஓரங்கள் பியானோவின் சட்டத்துடன் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இதன் அடியில் குறுக்குச் சட்டங்களும், மேலே வீணையின் குதிரையை ஒத்த நீண்ட மரக் குதிரைகளும் பொருத்தப்பட்டுள்ளன. ஏறத்தாழ 230 கம்பிகள் அக்குதிரைகளின் மீது செல்கின்றன. ஒவ்வொரு கம்பியும் சராசரியாக 70 முதல் 90 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுவிசையில் உள்ளது. மொத்த இழுவிசை 16 முதல் 20 தொன் வரை ஆகும். இவ்விழுவிசையைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டகம். ஆயினும் கம்பிகள் குதிரையைக் கீழ்நோக்கி அழுத்துவதால் ஒலிப்பலகையும் சில நூறு கிலோகிராம் சுமையைத் தாங்குகின்றது. அதற்காகவே அப்பலகை சமதளமாக இல்லாமல் கம்பிகளை நோக்கிச் சற்றே மேல்வளைவாக அமைக்கப்படுகின்றது.

சார்பு ஈரப்பதம் 42 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காட்டுக்கு உயர்ந்து, மரத்தின் நீரளவு 8 இலிருந்து 12 விழுக்காடு ஆவதாகக் கொள்வோம். ஸ்புரூஸ் பலகை அகலவாட்டில் ஒவ்வொரு விழுக்காடு நீருக்கும் ஏறத்தாழ 0.14 விழுக்காடு விரியும். 140 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை தடையின்றி விரிய விடப்பட்டால் அது சுமார் 8 மில்லிமீட்டர் அகலும். ஆனால் ஓரங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் அது பக்கவாட்டில் விரிய இயலாது. எனவே அதன் மேல்வளைவு கூடுகின்றது, குதிரை உயர்கின்றது, கம்பிகள் மேலும் இழுபட்டுச் சுருதி ஏறுகின்றது. வறட்சியில் இதற்கு எதிர்மாறாகப் பலகை தாழ்ந்து சுருதி இறங்குகின்றது. மிருதங்கம் வாசிப்போர் ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்குவதை அறிவர். பியானோவில் அதற்கு நேர்மாறாக ஈரம் சுருதியை ஏற்றுகின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் ஏறினால் அல்லது இறங்கினால் பெரிய கேடில்லை. தனியாக வாசிப்பவர் அதனைக் கவனிக்காமலும் போகலாம். ஆனால் ஒலிப்பலகை ஓரங்களில் குறைவாகவும் நடுப்பகுதியில் மிகுதியாகவும் அசைகின்றது. ஆகவே நடுத்தாயிக் கம்பிகள், குறிப்பாகத் தாழ்ந்த தாயியிலிருந்து நடுத்தாயிக்கு மாறும் இடத்தை அடுத்துள்ளவை, மிகுதியாக விலகுகின்றன. அடித்தாயிக் கம்பிகளும் உச்சத்தாயிக் கம்பிகளும் அந்த அளவு விலகுவதில்லை. இதனால் கருவி தனக்குள்ளேயே இசைவு கெடுகின்றது. ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு சென்ட் எனப்படும். 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குச் சேர்க்கப்பட்ட சுரம் 20 சென்ட் இறங்கினால் ஏறத்தாழ 435 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். (தற்செயலாக, 1859 இல் பிரான்சு அரசு சட்டப்படி நிறுவிய சுருதியும் 435 ஹெர்ட்ஸே.)

வெப்பநிலையும் சுருதியை மாற்றும். ஆனால் அதன் இயல்பு வேறு. மேடை விளக்கு பட்ட கம்பி சில நிமிடங்களிலேயே சூடாகி நீண்டு சுருதி இறங்கும். ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பும். ஒலிப்பலகை ஈரத்துக்கு ஈடுகொடுக்க நாட்களும் வாரங்களும் ஆகின்றன. ஒரே நாளில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை மரம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பருவகால மாற்றமே அதனை உண்மையில் நகர்த்துகின்றது.

வெடிப்பு உண்டாகும் விதம்

ஒலிப்பலகை வெடிப்பது வறட்சியால் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. இது பாதி உண்மையே. விரிய முடியாமல் ஓரங்களில் தடுக்கப்பட்ட பலகை மழைக்காலத்தில் தன்னைத் தானே நெருக்குகின்றது. இந்நெருக்கம் ஓர் எல்லையைத் தாண்டும்போது மர இழைகளின் நுண்ணறைகள் நசுங்குகின்றன. நசுங்கிய அறைகள் முழுமையாகப் பழைய வடிவத்துக்கு மீள்வதில்லை. அடுத்து வறட்சி வரும்போது, பலகை முன்பிருந்ததைவிடக் குறுகலான அகலத்துக்குச் சுருங்க முனைகின்றது. ஓரங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் அதற்கும் வழியில்லை. இழுபட்ட மரம் நார் ஓடும் வழியே பிளக்கின்றது. அதாவது வெடிப்பு வறட்சிக் காலத்தில் வெளிப்பட்டாலும், அதற்கான வித்து ஈரக் காலத்திலேயே இடப்பட்டு விடுகின்றது. ஆகவே நிலையான உயர் ஈரப்பதமோ நிலையான தாழ் ஈரப்பதமோ செய்யும் கேட்டைவிட, இரண்டுக்கும் இடையே ஆண்டுதோறும் நிகழும் ஊசலாட்டம் பெரிய கேட்டை விளைவிக்கின்றது.

மெல்லிய வெடிப்பு ஒன்றினால் மட்டும் ஓசை கெட்டுவிடுவதில்லை. வெடித்த பலகை அடியிலுள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து ஒட்டு விட்டு அதிரத் தொடங்கினால்தான் இரைச்சல் எழும். ஆனால் மேல்வளைவு தட்டையாகிப் போன பலகைக்கு எளிய மருந்து இல்லை. கம்பிகளையும் இரும்புச் சட்டகத்தையும் அகற்றிப் பலகையை மாற்ற வேண்டியிருக்கும். சாதாரண நிலைக்குத்துப் பியானோவுக்கு இச்செலவு கருவியின் விலையையே விஞ்சக்கூடும் என்பதால், நடைமுறையில் அத்தகைய கருவிகள் கைவிடப்படுகின்றன.

முறுக்காணிகள், விசைகள், கம்பிகள்

ஒவ்வொரு கம்பியின் ஒரு முனையும் ஓர் எஃகு முறுக்காணியில் சுற்றப்பட்டுள்ளது. இவ்வாணிகள் பல அடுக்குக் கடின மரத்தாலான ஆணிப்பலகையில் உராய்வினாலேயே நிற்கின்றன. மழையும் வறட்சியும் மாறி மாறி வரும்போது துளையின் சுற்றுமரம் ஆணியோடு நெருங்கி நசுங்கிப் பின் சுருங்குகின்றது. பிடிப்புத் தளர்ந்த ஆணி, சுருதி சேர்த்த சில நாட்களிலேயே பின்வாங்கும். சற்றுப் பெரிய ஆணிகளை இடுவது இதற்கான வழக்கமான தீர்வாகும். ஆணிப்பலகையே பிளந்துவிட்டால் அதுவும் பயன்படாது.

விசைகளிலும் சுத்தியல் பொறியிலும் ஏற்படும் விளைவுகளையே வாசிப்பவர் முதலில் உணர்கின்றார். பொறியின் அசையும் உறுப்புகள் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஊசிகளைச் சுற்றிய துணி உறைகளில் திரும்புகின்றன. ஈரத்தில் உறை உப்பினால் சுத்தியல் சோம்பலாக மீளும்; வேகமாகத் திரும்ப வாசிக்கப்படும் சுரம் ஒலிக்காது போகும். அழுத்திய விசை மேலெழாமல் ஒட்டிக்கொள்வதும் இதனாலேயே. மழைக்காலத்தில் ஒட்டும் விசையைச் சீவி அல்லது அதன் துணி உறையை நசுக்கித் தளர்த்துவது பலரும் செய்யும் வேலை. அவ்வாறு தளர்த்தப்பட்ட விசை கோடையில் பக்கவாட்டில் ஆடிச் சலசலக்கும். கருவியைத் திருத்துவதற்கு முன் காற்றைத் திருத்துவதே முறையாகும்.

கம்பிகளைப் பொறுத்தவரை, சார்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது எஃகு துருப்பிடிக்கும் வேகம் கூடுகின்றது. கடற்கரை ஊர்களில் இது மேலும் மோசமாகின்றது. காற்றில் மிதந்து வந்து கம்பிமேல் படியும் சாதாரண உப்பு, சார்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைசலாகி விடும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு இதனைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே அவ்வாறு செய்யும். துருப்பிடித்த கம்பி ஒலி மங்கி, சுருதி சேர்க்கும்போது அறுந்துபோகும். அடித்தாயிக் கம்பிகளின் செப்புச் சுற்று பச்சைக் களிம்பேறி ஓசை கட்டைபோல் ஆகிவிடுவதும் உண்டு. ஈரப்பதம் நீண்ட காலம் 70 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் ஃபெல்ட்டிலும் தோலிலும் பூஞ்சை பிடிக்கும்.

இரு வகைக் காலநிலைகள்

வீட்டுப் பியானோ எதிர்கொள்ளும் சிக்கல் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றது. வட அமெரிக்காவின் உட்பகுதிகளிலும் வட ஐரோப்பாவிலும் கோடையில் ஈரமும் குளிர்காலத்தில் கடும் வறட்சியும் வீட்டினுள் மாறி மாறி வருகின்றன. அங்கு முதன்மைத் தேவை குளிர்காலத்தில் ஈரமூட்டுவதாகும். 1825 இல் பொஸ்டனைச் சேர்ந்த அல்பியஸ் பாப்காக் ஒரே வார்ப்பாலான இரும்புச் சட்டகத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஐரோப்பாவிலிருந்து வந்த மரச்சட்டகப் பியானோக்கள் அமெரிக்கத் தட்பவெப்பத்தில் சுருதி நிலைக்காமல் தவித்தமை இத்தகைய முயற்சிகளுக்கு ஒரு தூண்டுதலாகக் குறிப்பிடப்படுகின்றது.

வெப்பமண்டலக் கடற்கரைகளில் நிலைமை வேறு. சிங்கப்பூரில் சார்பு ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 விழுக்காட்டுக்கு மேலும், மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டளவிலும் இருப்பது வழக்கம். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழை ஈரத்தை உச்சத்துக்குக் கொண்டு செல்கின்றது. மே, சூன் மாதங்களிலோ முற்பகலில் நிலத்திலிருந்து வீசும் வறண்ட மேல்காற்றும், பிற்பகலில் புகும் கடற்காற்றும் ஒரே நாளில் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துகின்றன. இவ்வூர்களில் தேவை ஈரநீக்கமே. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவதற்கென்றே, பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணிகளாலும் இணைக்கப்பட்ட பியானோக்கள் முற்காலத்தில் செய்யப்பட்டன. அக்காலத்தில் பயன்பட்ட விலங்குப் பசை ஈர வெப்பத்தில் இளகும் என்பதே காரணம்.

இப்போது இவ்வூர்களில் புதியதொரு சிக்கல் குளிர்சாதனத்தால் எழுந்துள்ளது. 22 பாகைக்குக் குளிர்விக்கப்பட்ட அறையில், நூறு கிலோகிராமை எட்டக்கூடிய இரும்புச் சட்டகமும் அதன்மேல் ஓடும் கம்பிகளும் அதே குளிர்ச்சியை அடைகின்றன. குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு உடனே சன்னலைத் திறந்தால், 28 பாகையும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்று உள்ளே வருகின்றது. அக்காற்றின் பனிப்புள்ளி ஏறத்தாழ 24 பாகையாகும். எனவே குளிர்ந்த இரும்பின்மீது, குளிர்நீர்க் குவளையின் புறத்தே நீர் பூப்பது போல, நீர் படிகின்றது. நாள்தோறும் இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு மட்டும் குளிர்சாதனத்தை இயக்குவது, அதனை இயக்காமலே இருப்பதைவிடக் கெடுதலாக முடியலாம்.

ஈரமானி

ஈரப்பதத்தை அளக்காமல் கட்டுப்படுத்த முயல்வது வீண். மனிதத் தோல் இதனைக் கணிக்கத் தகுந்த கருவியன்று. 1783 இல் சுவிட்சர்லாந்து அறிஞர் ஒராசு பெனடிக்ட் டி சொசூர் மனித மயிர் ஈரத்தில் நீள்வதைப் பயன்படுத்தும் ஈரமானியை விவரித்து நூல் வெளியிட்டார். இன்று மலிவாகக் கிடைக்கும் எண்முறை ஈரமானிகள் மின்தேக்கு உணரியால் அளக்கின்றன. இவற்றின் பிழை பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும்.

ஈரமானி சரியாகக் காட்டுகின்றதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு குப்பி மூடியில் சமையல் உப்பை இட்டு, அது கரைந்துவிடாமல் ஈரக்குழம்பாகும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட வேண்டும். அதனையும் ஈரமானியையும் காற்றுப்புகாத நெகிழிப் பையில் இட்டு அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஒரே வெப்பநிலையில் வைக்க வேண்டும். உப்பின் நிறைகரைசல் மேலுள்ள காற்று 75 விழுக்காட்டில் நிலைப்பதால், கருவி காட்டும் எண்ணுக்கும் 75க்கும் உள்ள வேறுபாடே அதன் பிழையாகும்.

ஈரமானியைப் பியானோவின் அருகே, வெயிலும் குளிர்சாதனக் காற்றும் நேரடியாகப் படாத இடத்தில் வைப்பது நன்று. வட அமெரிக்காவில் 42 விழுக்காடு என்னும் அளவு இலக்காகப் பரவலாகக் கூறப்படுகின்றது. ஆனால் இது எல்லா ஊருக்கும் பொருந்தும் எண்ணன்று. ஆண்டு முழுவதும் 55 விழுக்காட்டில் நிலைத்து நிற்கும் சென்னை அறை, 25க்கும் 60க்கும் இடையே ஊசலாடும் டொராண்டோ அறையைவிடப் பியானோவுக்கு நல்ல இடமாகும்.

வைக்கும் இடம்

செலவில்லாத பாதுகாப்பு இடத்தேர்வில் தொடங்குகின்றது. வெளிச்சுவரைவிட உட்சுவர் ஓரம் சிறந்தது. நிலைக்குத்துப் பியானோவின் ஒலிப்பலகை அதன் முதுகுப்புறம் இருப்பதால், மழைநீர் ஊறும் சுவரை ஒட்டி அதனை வைப்பது ஈரத்துணியைப் போர்த்துவதற்கு ஒப்பாகும்; சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளியாவது விட வேண்டும். நேரடி வெயில், சூடேற்றி, குளிர்சாதனத்தின் காற்றுவாய், அடுக்களைக் கதவு, குளியலறைக் கதவு ஆகியவற்றின் அருகாமை தவிர்க்கத்தக்கது. வாசிக்காதபோது மூடியை மூடி வைப்பது உட்புற மாற்றங்களை மெதுவாக்கும். கிடைப் பியானோவில் கம்பிகள்மேல் விரிக்கப்படும் ஃபெல்ட் விரிப்பும் அவ்வாறே உதவுகின்றது. நெகிழித் தாளால் இறுகப் போர்த்துவது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும் என்பதால் அது நன்றன்று.

அறையின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தல்

வறண்ட குளிர்காலத்தில் அறைக்கு எவ்வளவு நீர் தேவை என்பதை முன்னர் கூறிய எடுத்துக்காட்டிலிருந்தே கணிக்கலாம். 21 பாகையில் ஈரப்பதத்தை 21 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காட்டுக்கு உயர்த்த ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிராம் நீராவி வேண்டும். வீட்டின் கொள்ளளவு 300 கன மீட்டர் எனவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று முழுதும் மாறுகின்றது எனவும் கொண்டால், நாளொன்றுக்கு 12 லீட்டருக்கு மேல் நீர் ஆவியாக வேண்டும். சூடேற்றியின் மேல் வைக்கப்படும் ஒரு கிண்ண நீரால் ஏன் பயனில்லை என்பது இதனால் தெளிவாகும். கதவடைத்த, 40 கன மீட்டர் அறைக்கு மட்டுமெனில் ஒன்றரை லீட்டருக்குச் சற்று மேல் போதும். மீயொலி ஈரமூட்டிகள் நீரிலுள்ள கனிமங்களையும் நுண்துளிகளாக வீசுவதால் கருவிமேல் வெண்தூசு படியும்; திரி வழியே ஆவியாக்கும் வகையில் அச்சிக்கல் இல்லை. 21 பாகையில் 40 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று 7 பாகையளவில் பனிப்புள்ளியை எட்டுவதால், கடுங்குளிரில் சன்னல் கண்ணாடியில் நீர் வடியத் தொடங்கும். வீட்டையும் பியானோவையும் ஒருசேரக் காக்க வேண்டியிருப்பதால் அங்கே ஓர் உச்சவரம்பு தானே அமைந்துவிடுகின்றது.

வெப்பமண்டலத்தில் அமுக்கிவகை ஈரநீக்கி ஏற்றது. இது காற்றைக் குளிர்ந்த சுருளின் வழியே செலுத்தி நீரை வடித்து, பின்னர் அக்காற்றைச் சூடாக்கி வெளியிடும். அறை சற்றே வெப்பமாவது இதன் குறை. கதவும் சன்னலும் திறந்த அறையில் இதனை இயக்குவது ஊரையே உலர்த்த முயல்வதாகும். தொட்டி நிறைந்ததும் பொறி தானாக நின்றுவிடுவதால், நீண்ட நாள் வெளியூர் செல்வோர் நீரைக் குழாய் வழியே வடிகாலுக்கு விட வேண்டும். குளிர்சாதனமும் நீரை நீக்குகின்றது. ஆனால் அறை வேண்டிய குளிர்ச்சியை அடைந்து அமுக்கி நின்றபின் விசிறி மட்டும் ஓடினால், சுருளில் தங்கிய நீர் மீண்டும் அறைக்கே ஆவியாகும்.

பியானோவினுள் பொருத்தப்படும் அமைப்புகள்

அறை முழுவதையும் கட்டுப்படுத்த இயலாதபோது கருவியின் உட்புறத்தை மட்டும் கட்டுப்படுத்தலாம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1947 இல் தொடங்கப்பட்ட டாம்ப்-சேசர் நிறுவனத்தின் அமைப்பு இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. இதில் மூன்று உறுப்புகள் உள்ளன: காற்றை இளஞ்சூடாக்கும் மின்தண்டு, திரித்துணிகளுடன் கூடிய நீர்த்தொட்டி, இவ்விரண்டில் எது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஈரநிலைப்படுத்தி. கிடைப் பியானோவில் இவை ஒலிப்பலகையின் அடியிலும், நிலைக்குத்துப் பியானோவில் கீழ்ப்பலகையின் உள்ளேயும் பொருத்தப்படுகின்றன. தொட்டியில் நீர் குறைந்தால் விளக்கு ஒன்று மினுக்கி அறிவிக்கும்.

மின்தண்டு நீரை நீக்குவதில்லை. சார்பு ஈரப்பதத்தை மட்டுமே குறைக்கின்றது. 28 பாகையும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை 32 பாகைக்குச் சூடாக்கினால் சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 64 விழுக்காடாகும். சில பத்து வாட் மின்திறனில் இது நிகழ்வதால் மின்செலவு குறைவு. ஈரமான ஊர்களில் நீர்த்தொட்டி தேவைப்படாது. தண்டும் நிலைப்படுத்தியும் போதுமானவை. ஆனால் நிலைப்படுத்தி இன்றித் தண்டை மட்டும் ஆண்டு முழுவதும் எரியவிடுவது, வறண்ட மாதங்களில் மரத்தைக் காயவைத்து வேண்டாத ஊசலாட்டத்தை உண்டாக்கும். கிடைப் பியானோவின் திறந்த அடிப்புறத்தில் வெம்மை விரைவில் கலைந்துவிடுவதால், துணித்திரை கட்டி அதனைத் தேக்குவர். சுத்தியல் பொறியும் ஆணிப்பலகையும் தொலைவில் இருப்பதால் அவை ஒலிப்பலகை அளவுக்குப் பயன்பெறுவதில்லை. இவ்வமைப்பைப் பியானோ வினைஞரைக் கொண்டு பொருத்துவதே முறை. மரத்துக்கு மிக நெருங்கிய தண்டு அவ்விடத்தை மட்டும் வறட்டி வெடிக்கச் செய்யும்.

பயனற்ற அல்லது தீங்கான முறைகள்

நிலைக்குத்துப் பியானோவின் கீழறையில் மின்குமிழ் எரிப்பது வெப்பமண்டல நாடுகளில் நெடுங்கால வழக்கம். தத்துவம் மின்தண்டுக்கு உரியதே. ஆயினும் இழை மின்குமிழின் புறச்சூடு மிக அதிகம். தூசும் ஃபெல்ட்டும் நிறைந்த மூடிய பெட்டியில் அது தீ விபத்துக்கு இடமளிக்கும். இன்றைய எல்.இ.டி. விளக்குகளோ போதிய வெப்பத்தைத் தருவதில்லை.

சிலிக்கா ஜெல் பொதிகளைப் பற்றிய நம்பிக்கையும் பரவலானது. 28 பாகையில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள 30 கன மீட்டர் அறையை 50 விழுக்காட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 245 கிராம் நீரை நீக்க வேண்டும். சிலிக்கா ஜெல் தன் எடையில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் நீரை ஏற்கும் எனக் கொண்டால் ஒரு கிலோகிராம் வேண்டும்; காற்று ஒருமுறை மாறியதும் இன்னொரு கிலோகிராம் வேண்டும். பியானோவின் பேழையும் காற்றுப்புகாததன்று. ஆகவே கைப்பிடியளவு பொதிகள் ஒரு நாள் கணக்குக்கும் வாரா. பூச்சி உருண்டைகள் கம்பளிப் பூச்சியை விரட்டலாம். ஈரத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. உள்ளே நீர்க்குவளை வைப்பது சிந்தும் ஆபத்தையே மிகுதியாகக் கொண்டது.

சுருதி சேர்த்தலுடன் தொடர்பு

ஈரப்பதக் கட்டுப்பாடு சுருதி சேர்த்தலுக்கு மாற்றன்று. புதிய கம்பிகள் நீள்வதாலும், வாசிப்பின் அதிர்வாலும் சுருதி எவ்வாறாயினும் விலகும். ஆனால் கட்டுப்பாடற்ற கருவியில், மழைக்காலத்தில் சேர்க்கப்பட்ட சுருதி கோடைக்கு நிற்காது. ஆண்டில் ஒருமுறை மட்டும் சேர்ப்பவர்கள் அதனை ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில் செய்வது நன்று. புதிய ஊருக்கோ புதிய வீட்டுக்கோ பியானோவைக் கொண்டு சென்றால் மரம் சமநிலை அடையச் சில வாரங்கள் விட்டுப் பின்னர் சுருதி சேர்க்க வேண்டும். உள்ளமைப்பு புதிதாகப் பொருத்தப்பட்டபோதும் இதுவே விதி. தேர்வுக்கு முந்திய நாள் அவசரமாக அறையை உலர்த்துவது, சேர்த்த சுருதியைக் கலைக்கும் உறுதியான வழியாகும்.

கட்டுமானத்தில் தேடப்பட்ட தீர்வுகள்

பியானோ செய்வோரும் இச்சிக்கலை மரத்தின் மட்டத்திலேயே தீர்க்க முயன்றுள்ளனர். அமெரிக்காவின் மேசன் அண்டு ஆம்லின் நிறுவனம், ஒலிப்பலகையின் வளைவு தளராதிருக்கச் சட்டத்தின் சுற்றை எஃகுத் தண்டுகளால் நடுவை நோக்கி இழுத்துப் பிடிக்கும் அமைப்பை 1900 ஆம் ஆண்டுக் காப்புரிமையுடன் பயன்படுத்தியது. சப்பானின் கவாய் நிறுவனம் 1970களிலிருந்து சுத்தியல் பொறியின் சில உறுப்புகளை ஏ.பி.எஸ். நெகிழியால் செய்கின்றது. நெகிழி என்பதற்காக இவை முதலில் ஏளனம் செய்யப்பட்டாலும், ஈரத்தில் உப்பாத உறுப்பின் பயன் வெப்பமண்டலத்தில் வாசிப்போருக்கு விளங்கும். செருமனியின் இசுடைன்கிரேபர் நிறுவனம் கரிம இழை ஒலிப்பலகையுடனும் பியானோக்களைச் செய்து தருகின்றது. இப்பலகை ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஓசை மரத்துக்கு ஈடாகுமா என்பதில் கேட்போர் வேறுபடுகின்றனர்.

தான் செல்லும் நாட்டின் காலநிலைக்கேற்ப மரம் வெவ்வேறு அளவில் உலர்த்தப்படுகின்றது என யமகா நிறுவனம் கூறிவந்துள்ளது. சப்பானிய வீடுகளுக்கெனச் செய்யப்பட்ட பழைய பியானோக்கள் அமெரிக்காவில் மலிவாக விற்கப்பட்டபோது, அவை அங்குள்ள வறட்சியைத் தாங்கா என அந்நிறுவனம் எச்சரித்தது. வினைஞர்கள் பலர் இதனை வணிக நோக்கமுடையதாகக் கருதினர். வாங்குபவருக்கு இவ்வாதத்தைவிடப் பயன் தருவது முறுக்காணிகளின் இறுக்கத்தையும் ஒலிப்பலகையின் வளைவையும் வினைஞரைக் கொண்டு சோதிப்பதாகும். நீண்ட நாள் ஈர நாட்டில் இருந்த கருவி வறண்ட நாட்டுக்குச் செல்லும்போது முதல் குளிர்காலமே அதற்குக் கடினமானது. அக்காலத்தில் அறையை 40 விழுக்காட்டுக்குக் கீழே விடாதிருத்தல் வேண்டும்.